இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போன நாள்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் கொம்பையா சொன்னதை அருமைநாயகம் ஏழு வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தொட்டுத் தொட்டுத் திரும்புவதுபோல நினைப்பு அங்கே போகும், தொடும், வந்துவிடும். 'ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணாப் போயிட்டு அண்ணாச்சி. ஒண்ணு போனா காப்பாத்தலாம். ரெண்டு போனா யாரு வந்தாலும் முடியாது.' அவன் அதைச் சொன்ன விதம்கூட அப்படியே காதில் இருந்தது. 'யாரு வந்தாலும்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. மூச்சு வாங்கினானா, எச்சில் விழுங்கினானா தெரியாது. அந்த இடைவெளியைத்தான் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. இன்று காலை ஒன்பதேகாலுக்கு, பாளையங்கோட்டையில் அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே, முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறையில், சர்வரின் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தபோது டிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். திரையில் வெள்ளை எழுத்தில் ஒற்றை வரி. துவக்க டிஸ்க் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வலது முழங்கால் கறகறவென்றது. பெட்டியின் நெற்றியில் முந்தாநாள் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அதன் நடுவில் குங்குமம். கீபோர்டின் இடுக்கில் இரண்டு மூன்று பொரி. முந்தாநாள் ஆயுதபூஜை. வருஷம் முழுக்க ராப்பகலாய் ஓடுகிற மெஷினை அன்று மத்தியானம் நிறுத்தி, திறந்து, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்து, மறுநாள் முழுக்கத் தொடாமல் விட்டு, அதற்கு மறுநாள் காலையில் எழுப்புவது இந்த ஆஸ்பத்திரியின் பழைய வழக்கம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி எழுப்பியபோதுதான் அது எழவில்லை. அதன் பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு பண்ணியிருந்தார். இந்த வருஷம் புதிதாக வந்த மேனேஜர், 'அதுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுங்க சார், ஒம்பது வருஷமா உழைக்குது' என்றார், சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று இப்போது தோன்றியது. மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயதில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் நடந்துவிடுகின்றன, சம்மதித்து அல்ல, அலுத்து.

பதற வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டார். பெட்டிக்குள் ஐந்து டிஸ்க். செத்தது ஐந்தாவது, சின்னது. மெஷின் கண் விழித்து நான் யார், என்ன வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான சங்கதிகள் மட்டும் அதில் இருந்தன. அது போனால் வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். சரக்கு மற்ற நாலில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவையும் துண்டு துண்டாக்கி நாலிலும் பரத்தி வைத்திருக்கும். நாலில் ஒன்று செத்தாலும் மிச்ச மூன்றும் கூடி அது வைத்திருந்த துண்டைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் சொல்லாது. இது புகைப்படங்களாகவோ பில்களாகவோ இருந்திருந்தால் இந்தக் கை இவ்வளவு குளிர்ந்திருக்காது. நாலு டிஸ்க்கிலும் இருந்தது குரல்கள். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்களை, ஆபரேஷனுக்கு முன்னால் மாடியில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிந்துகொள்வார்கள். பிள்ளைகளுக்கு, பெஞ்சாதிக்கு, பிற்பாடு தனக்கே. எடுத்தபிறகு அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்ட பிறகு, ஒவ்வொரு ராத்திரியும் பதினோரு மணிக்கு அன்றன்றைய பதிவுகளுக்கு ஒரு நகல் வெளியே போகும். முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மெஷின் சந்தனம் பூசிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் காலையில் பதிந்தது ஒரே ஒரு ஆள். கையால் ஒரு நகல் எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ரெண்டு நிமிஷம். மேனேஜர் தேங்காயோடு வாசலில் நின்றார், பூசாரிக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. வசுமதி. மாடியில் குரல் பதிகிறவள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், நடக்கும்போதே பேசுகிறவள். 'சார், மாடக்கண்ணுவ எட்டரைக்கே ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. அவரு பதிவ நான் அந்த மகளோட போன்ல போட்டுக் கொடுக்கேன்னு சொல்லியிருந்தேன், என் கம்ப்யூட்டர்ல சர்வரே காங்கல. என்ன சார், இன்னும் பூஜை முடியலையா?' அவர் திரும்பாமலே கேட்டார்: 'ரெக்கார்டர்ல இருக்காம்மா?' 'இல்லயே சார். சர்வர்ல ஏத்துன உடனே அழிச்சிரணும்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க. நோயாளி சமாச்சாரம் வெளிய போகக்கூடாதுன்னு.' ஆமாம், அவர்தான் எழுதி ஒட்டியிருந்தார். பெரிய எழுத்தில், அடியில் கோடு போட்டு. அவருடைய முதுகைப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. 'சார்,' என்றாள், குரல் இறங்கிவிட்டது, 'உள்ள வேணா போய்ச் சொல்லவா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லி?' 'கீறியிருப்பாங்கம்மா இந்நேரம்.' 'ஆமா,' என்றாள். பிறகு, 'அந்தப் புள்ள முப்பிடாதி வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. மடியில தூக்குவாளி வச்சுக்கிட்டு. அப்பா முழிச்சா ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு நாலு தடவ சொல்லிட்டேன், வச்சுக்கிட்டேதான் இருக்கு.' போய்விட்டாள். இப்போது செத்திருப்பது சின்ன டிஸ்க் மட்டும்தான், மற்ற நாலும் நன்றாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும்.

மாடக்கண்ணுவை முந்தாநாள் அவரும் பார்த்தார். மைக் கரகரக்கிறது என்று வசுமதி கூப்பிட்டதால் மாடிக்குப் போனார். வாழைத்தார் மண்டியில் முப்பது வருஷம் ஏலம் விட்ட மனுஷன். எலும்பும் தோலுமாகிவிட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. குரல் கிழிந்திருந்தது, கிழிந்தபடியே பெரிதாக இருந்தது. வசுமதி அட்டையை நீட்டி இதைப் படிங்க என்றாள். எல்லோருக்கும் கொடுக்கிற அட்டை. இன்று நல்ல வெயில், எனக்குத் தண்ணீர் வேண்டும், அப்படி. அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்தார். 'எழுதி வச்சதப் படிக்க வராது தாயி. ஏலம் வேணா விடுதேன்.' 'என்னத்த ஏலம் விடுவீங்க?' அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் நின்ற காத்தாடியைப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தைப் பார்த்தார். 'இந்தா நிக்காரே சார்வாள். இவரயே விடுவோம். கண்ணாடி போட்ட சாரு, கொஞ்சம் கனிஞ்ச சாரு, காம்பு ஒடியாத சாரு, யாருக்கு வேணும், யாருக்கு வேணும்...' வசுமதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகள், 'எப்பா, சும்மா கெடயேம்பா,' என்றது. விலை ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் குரல் ஒரு படி ஏறியது, மூச்சு தட்டியது, மறுபடி ஏறியது. ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். அங்கே நிறுத்திவிட்டார். 'மூணாந்தரம்?' என்றாள் வசுமதி. 'அதச் சொல்லமாட்டேன் தாயி. சொன்னா முடிஞ்சு போவும்லா.' சிரித்தார். அருமைநாயகமும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறார். கொஞ்சம் கனிஞ்ச சாரு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லவில்லை.

பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே மெஷினை எழுப்பினார். இது போதும், செத்த டிஸ்க்கைக் கழற்றாமலே மற்ற நாலையும் இதன் கண்ணால் பார்க்கலாம். எழுத்துகள் மேலே ஓடின. ஏசி தண்ணீர் வாளியில் சொட்டியது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வந்தது. மெஷின் நின்று அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது. என்னென்ன டிஸ்க் இருக்கிறது என்று கேட்டார். திரையில் இரண்டு பெயர் வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு. நாலு வர வேண்டிய இடத்தில் இரண்டு. மறுபடி கேட்டார், மெஷின் அதே இரண்டைச் சொன்னது. முதலில் அவருக்கு வந்தது பயம்கூட இல்லை, ஒரு விதமான வெட்கம். இப்போது மாடியேறி, முப்பிடாதியின் முன்னால் நின்று, ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணாப் போயிட்டும்மா என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன்னால் போனது நூற்று நாற்பது பேருடைய குரல். அதில் கேட்டு வந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருக்கும். ஒவ்வொருவரிடமும் அவர்தான் சொன்னார், கொம்பையா சொன்ன அதே வார்த்தைகளில், அந்த இடைவெளியை மட்டும் விட்டுவிட்டு. ஸ்டெல்லாபாய் என்று ஒரு அம்மா, சமாதானபுரத்திலிருந்து வந்தவர், அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'இருக்கட்டும் சார், நீங்க வருத்தப்படாதீங்க. எங்க வீட்டுலயும் அவுகளும் அவுக தம்பியும் ஒரே மாசத்துலதான போனாவ. அப்படியும் நடக்கத்தான செய்யுது,' என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். பையிலிருந்து ரெண்டு கொய்யாப்பழம் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தானே நம்பாத ஒன்றைச் சொல்லி ஒரு விதவையிடம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டவன் நான். அதைத் தின்றாரா என்று ஞாபகமில்லை. தின்றிருப்பார். இப்போது அந்த வாக்கியம் நிஜமாகவே நிஜமாகிவிட்டால் அதை எந்த முகத்தோடு சொல்வது, பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகளுக்குள் உண்மையை எப்படி வைப்பது. வாயில் தாமிரக் காசை வைத்தமாதிரி ஒரு ருசி.

மெஷினை நிறுத்தினார். அப்படியே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே சந்தன வாசனையும் தூசி வாசனையும் சேர்ந்து வந்தன. நாலு டிஸ்க்கின் முகப்பிலும் நாலு குங்குமப் பொட்டு, வரிசையாக, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர் மார்க்கரால் போட்டிருந்த எண்கள் இப்போதும் பாதி அழிந்திருந்தன. ஏழு வருஷத்துக்கு முந்தைய பூஜையில் முழுசாகவே அழிந்திருந்தன. ஈரத்துணி போட்டுத் துடைத்து, கழற்றிப் பொட்டு வைத்து, கைக்கு வந்த இடத்தில் மாட்டியிருந்தார்கள். அதையும் அவர் பிற்பாடு கவனித்தார். கவனித்து ஒன்றும் சொல்லவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினார். ஒரே கரண்ட் வயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு டிஸ்க்குக்குப் போகிற இடத்தில் பிளக் பாதி வெளியே வந்திருந்தது. துடைத்த கை இழுத்திருக்கும். அழுத்தினார். சொடுக்கென்று உட்கார்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றும்போது சந்தோஷம் வர வேண்டுமே, ஏன் களைப்பு வருகிறது. மறுபடி எழுப்பி மறுபடி கேட்டார். நாலு பெயர். கண்ணை மூடித் திறந்து எண்ணினார். நாலு.

எதையும் செய்யும் முன் ஒவ்வொன்றின் உடம்பும் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அது முறை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறிப்பு வைத்திருக்கும், எவ்வளவு சூடு, எத்தனை பழுது, பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று. முதல் டிஸ்க்: பழுது இல்லை, எண்பதாயிரத்து நூற்றுப் பதினேழு மணி. இரண்டாவது: பழுது இல்லை, எண்பதாயிரத்து நூற்றுப் பதினேழு. மூன்றாவதற்குக் கட்டளையைத் தட்டிவிட்டு விசையை அமுக்காமல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அமுக்கினார். எண்பதாயிரத்து நூற்றுப் பதினேழு. நாலாவதும் அதே. ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நாலும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்து, ஒரே நாட்களில் நின்று, ஒரே நாட்களில் எழுந்திருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு செத்து, இரண்டு புதிதாய் வந்திருந்தால், வந்த இரண்டும் அறுபதாயிரத்துச் சொச்சம்தான் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மதுரையில் போய் வாங்கிவந்தேன் என்று கொம்பையா சொன்னான். பில் எங்கேடா என்றதற்கு, 'இருக்கட்டும் அண்ணாச்சி, என் கைக்காசுன்னு வச்சுக்கிடுங்க,' என்றான். எதுவும் சாகவில்லை. எதையும் வாங்கவும் இல்லை. அன்றும் இன்று மாதிரியேதான், சின்ன டிஸ்க் மட்டும் செத்திருக்கிறது. அருமைநாயகம் பின்னால் சாய்ந்தார். பிடித்துவிட்டேன் என்று ஒரு துள்ளல் வரும் என்று ஏழு வருஷமாக எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ, அப்படி ஒன்றும் வரவில்லை. வந்தது வேறொரு கேள்வி. இந்தக் கட்டளை ஒரே ஒரு வரி. அரை நிமிஷ வேலை. ஏழு வருஷத்தில் எந்த நாளும் இதைத் தட்டியிருக்கலாம். மாதா மாதம் அறிக்கையில் 'நலம்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு மூடினாயே, அதற்கு அடுத்த வரிதானே மணிக்கணக்கு. சந்தேகப்படுகிறவன் பார்ப்பான். பார்க்காமல் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவனை என்னவென்று சொல்வது. சந்தேகம் வசதியாக இருந்திருக்கிறது. எதற்கு வசதி?

வேலை நடக்கட்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் தலையிலும் ஒரு சின்னச் சீட்டு இருக்கும், நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், கூட்டத்தில் எத்தனையாவது ஆள், கூட்டம் எப்போது கூடியது என்று. சின்ன டிஸ்க் செத்தாலும், நாலும் இடம் மாறிக் கிடந்தாலும், அந்தச் சீட்டைப் படித்து மெஷின் சரியாகச் சேர்த்துவிடும். அதற்கு அசெம்பிள் என்று ஒரு வார்த்தை. இன்னொரு வார்த்தை இருக்கிறது, கிரியேட். அது சீட்டைப் படிக்காது. பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டை எழுதும். நாலையும் வேறு வரிசையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் கூட்டம் புதிதாகக் கூடும், டிஸ்க்குகள் நலமாக இருக்கும், குரல்கள் எல்லாம் பொடியாகிவிடும். சேர்ப்பதும் உருவாக்குவதும் அவசரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். சீட்டைப் படித்தார். கூடிய நாள்: ஏழு வருஷத்துக்கு முந்தைய விஜயதசமிக்கு மறுநாள், சனிக்கிழமை. நேரம், காலை பதினொன்று நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை இல்லை. அன்றைக்கே, மதுரைக்குப் போவதற்கு முன்னாலேயே, போகவே போகாத அந்த மதுரைக்கு. பதினொன்று நாற்பத்திரண்டு. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிமிஷம் வரை தெரியும். வண்ணார்பேட்டையில் மண்டபம், மகளுக்கு நிச்சயதார்த்தம், லீவு நாள் என்று பார்த்து வைத்தது. பதினொன்றரைக்குப் போதகர் எழுந்து நின்று ஜெபத்தை ஆரம்பித்தார். நீண்ட ஜெபம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சின் மேலேயே அதிர்ந்தது, இரண்டாவது இதயம் மாதிரி. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கொம்பையா. பக்கத்தில் மனைவி கண்ணை மூடியபடியே முழங்கையால் இடித்தாள். பக்கத்துப் பொத்தானை அமுக்கினார், அது அடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். இல்லை, பொத்தானை அமுக்கியே பிடித்துக்கொண்டு போனையே அணைத்தார். மறுபடி அதிரக்கூடாது என்று. மறுபடி அதிரும் என்று தெரிந்ததால். சாயங்காலம் திறந்தபோது, நீங்கள் அணைத்திருந்த நேரத்தில் அழைத்தவர்கள் என்று ஆரம்பிக்கும் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. படிக்காமலே மொத்தமாக அழித்தார். விசேஷ வீட்டுக் களைப்பு. ஆமாம், களைப்பு. எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமை, அப்போதைய பழைய மேனேஜரின் அறையில், கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிச் சம்பளக்காரன்கூட இல்லை அவன், கூப்பிட்டால் வந்து ரிப்பேர் பார்க்கிறவன். மேனேஜர் கேட்டார்: 'அருமைநாயகம் சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேப்பா?' அருமைநாயகம் பக்கத்தில்தான் நின்றார். கொம்பையா அவர் பக்கம் திரும்பவே இல்லை. 'மக விசேஷம் நடக்கு சார், அங்க போயித் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நாந்தான் போடல. போட்டாலும் என்ன செய்ய, ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணால்லா போயிருக்கு. யாரு வந்தாலும் முடியாது.' அங்கேதான் முதன்முதலாக அந்த இடைவெளி, 'யாரு வந்தாலும்' என்பதற்கு முன்னால். இத்தனை வருஷமாக அவர் அதை டிஸ்க்கைப் பற்றிய வாக்கியத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்; அது அதற்கு முந்தைய வாக்கியத்தின் மூச்சு. நாந்தான் போடல. அது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் சொன்னான், ஒருவர் கேட்டுக்கொண்டு மேஜைக் கண்ணாடியின் அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சந்தேகப்பட்ட பொய் ஒன்று. தெரிந்தே இருந்த பொய் ஒன்று. முதல் பொய்யைத் தோண்டினால் இரண்டாவது வெளியே வரும் என்றுதான் ஏழு வருஷமாக அந்த ஒரு வரியைத் தட்டவில்லையா? இல்லை என்று உடனே சொல்லத் தோன்றியது. உடனே தோன்றியதாலேயே அதை நம்பவில்லை.

அசெம்பிள் என்று தட்டினார். எதையும் எழுதாதே, படிக்க மட்டும் செய் என்று சேர்த்துத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக மறுபடி படித்துப் பார்த்தார், இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக. அந்த இன்னொரு வார்த்தையைத் தட்டியிருந்தால் மெஷின் சும்மா செய்துவிடாது, ஒரு கேள்வி கேட்கும். இவை ஏற்கெனவே ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை போல் தெரிகிறதே, தொடரட்டுமா? ஆமா, இல்லை. அன்றைக்கும் கேட்டிருக்கும். கொம்பையா இந்த நாற்காலியில், இதே சந்தன வாசனையில், வாசலில் மேனேஜர் நிற்க, அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். இங்கிலீஷ் வாசிப்பது அவனுக்குக் கஷ்டம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தொடரட்டுமா என்ற வரியைப் பார்த்தபடியே போனை எடுத்திருப்பான். விசையை அமுக்கினார். ஒரு வினாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி: நாலு டிஸ்க்குகளுடன் தொடங்கப்பட்டது. ஃபோல்டர்கள் திறந்தன, பெயர்கள், பெயர்கள், கீழே கடைசியாக முந்தாநாள் தேதியில் ஒன்று. முதல் வேலையாக அதை வேறொரு பென் டிரைவுக்கு எடுத்தார். இன்னொன்றுக்கும் எடுத்தார். முந்தாநாள் செய்திருக்க வேண்டிய ரெண்டு நிமிஷம். பிறகுதான் ஹெட்போனை மாட்டினார். கரகரப்பு. நாற்காலி நகர்கிற சத்தம். எழுதி வச்சதப் படிக்க வராது தாயி. கொஞ்சம் கனிஞ்ச சாரு, காம்பு ஒடியாத சாரு. எப்பா, சும்மா கெடயேம்பா. ஒரு தரம். ரெண்டு தரம். அதன் பிறகு அந்த மௌனமும் முழுசாக இருந்தது, தூரத்தில் ஒரு ஆட்டோவின் ஹாரனோடு. ஹெட்போனைக் கழற்றியபோது கன்னம் நனைந்திருந்தது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வசுமதி இரண்டு படி தாண்டித் தாண்டி இறங்கி வந்தாள். பென் டிரைவை நீட்டினார். 'கெடச்சிட்டா? சார், முழுசா?' 'முழுசா.' 'மூணாந்தரம் சொல்லமாட்டேன்னாரே, அது?' 'அதும் இருக்கு.' அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். 'மொகமே சரியில்லயே சார் உங்களுக்கு. சாப்பிட்டீங்களா? அந்தப் புள்ள தூக்குவாளியில இட்லி இருக்கு, வாங்கிட்டு வரவா, யாராவது தின்னா போதும்னு உக்காந்திருக்கு அது.' 'போம்மா, மொதல்ல அதுக்குப் போட்டுக் காட்டு,' என்றார். படியில் அவள் செருப்புச் சத்தம் ஏறி மறைந்தது. மணி பதினொன்று நாற்பது. தற்செயல்தான், எதையும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஏசி தண்ணீர் வாளியில் சொட்டியது. கொம்பையா இப்போது கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை, வீடு வீடாகக் கேமரா மாட்டுகிறான். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குக் கேக் வாங்க வருவான், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவான், பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவருவான். இந்த ஏழு வருஷத்தில் ஆஸ்பத்திரி வாசலை மட்டும் மிதித்ததில்லை. அவனைப் பார்த்தால் பாவம் ஒரு குற்றவாளி என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருந்தன்மை இருந்தது. அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைக்கக் கூசியது. போனை எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். 'சொல்லுங்க அண்ணாச்சி. ஏணி மேல நிக்கேன், கேட்டுக்கிடுதீங்களா? கே.டி.சி. நகர்ல ஒரு டாக்டர் வீடு, நாய் ஒண்ணு கீழ நின்னுக்கிட்டு என்னய எறங்க விடமாட்டேங்கு. டாக்டரம்மா கடிக்காதுங்கா. அது கடிக்காதுங்கது அதுக்குத் தெரியணும்லா?' நாய் குரைத்தது. அவர் சிரிக்கவில்லை. அவன் கவனித்துவிட்டான். 'என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில இருந்தா பேசுதீங்க?' 'ஆமா.' 'பூஜைக்கு நிறுத்துனாங்களோ?' 'நிறுத்துனாங்க.' ஏணி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படியாக இறங்குகிறான் என்று தெரிந்தது. நாய் அடங்கிவிட்டது, அல்லது அவன் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போய்விட்டான். 'போயிட்டா?' 'இல்ல. சேத்துட்டேன். நாலும் இருக்கு.' 'நாலுமா,' என்றான் கொம்பையா. நாலும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன என்று இவர் பார்த்திருப்பார் என்பது அவனுக்குத் தெரியும். பழுது பார்க்கிறவன், முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா. அவன் காத்திருந்தான். ஏழு வருஷமாகக் காத்திருந்த அந்தக் கேள்விக்காக, ஏன்டா பொய் சொன்னே என்ற கேள்விக்காக, ஒருவேளை பதிலைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டு. அருமைநாயகத்தின் நெஞ்சின் மேல், வெற்றுச் சட்டைப் பைக்குள், எதுவோ அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

'கொம்பையா, அன்னைக்கு அது உன்கிட்ட தொடரட்டுமான்னு கேட்டிச்சுல்லா, அதுக்கு ஆமான்னு அடிக்கதுக்கு முன்னால நீ எனக்கு எத்தன தரம் போன் போட்டே?'